நின்றுகொண்டு எடுத்த ஈ.சி.ஜி.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். வாழ்த்தத்தான் வேண்டும். ஆனால் எனக்கு எச்சரிக்கைதான் வாயில் வருகிறது. இன்றிலிருந்து ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பெயர் கிடையாது. "ஈ.சி.ஜி.ய வரச் சொல்லு" என்பார்கள். "ஈ.சி.ஜி. சாப்பிடப் போயிருச்சு" என்பார்கள். என் மனைவியே ஒருமுறை தொலைபேசியில், "ஈ.சி.ஜி. குளிச்சிக்கிட்டு இருக்கு, அப்புறமா எடுங்க" என்று சொல்லிவிட்டாள். ஈரத் தலையோடு வெளியே வந்து நியாயம் கேட்டேன். "ஊரே கூப்பிடுற பேரு. நான் மட்டும் மாத்திக் கூப்பிட்டா ஒங்களுக்கே அடையாளம் தெரியாது" என்றாள். அவள் சொன்னதிலும் உண்மை இருந்தது.

மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில், ஓய்வு பெறும் வரை, இதயத் துடிப்பைத் தாளில் பிடித்துக் கொடுத்தவன் நான். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். அங்கே போனால் எனக்கு இன்னும் சும்மா தேநீர் கிடைக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. எந்தக் கம்பியை எங்கே ஒட்டுவது என்று உங்களுக்கு ஏற்கனவே கற்பித்திருப்பார்கள். அதில் என்னைவிட நீங்கள் கெட்டிக்காரர்கள். நான் சொல்லப் போவது, கற்பித்ததை எப்போது மீறுவது என்பதை.

அதற்கு முன், என் மானம் போன கதை ஒன்று. அது தெரியாமல் மற்றது புரியாது.

நான் வேலைக்கு வந்த புதிது. மழையில் தொப்பலாக நனைந்த மரக்கறி லொறிச் சாரதி ஒருவரை நெஞ்சு வலி என்று கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். தாளை ஓடவிட்டேன். கோடு கோணல்மாணலாக, ஒழுங்கே இல்லாமல், புயலில் சிக்கிய தகரம் மாதிரித் துள்ளியது. புத்தகத்தில் பார்த்திருக்கிறேன்: இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும் நிலை. ஆள் போய்விடுவார்! "ஓடி வாங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் இரண்டு வைத்தியர்களும் மூன்று தாதிகளும், மின் அதிர்ச்சி கொடுக்கும் இயந்திரத்தோடு ஓடி வந்தார்கள். நோயாளி எழுந்து உட்கார்ந்தார். எல்லோரையும் சுற்றிப் பார்த்தார்.

"யாருக்குங்க சீரியஸு?" என்றார், பற்கள் கிடுகிடுவென்று அடிக்க.

நடுங்கியது இதயம் இல்லை, மனிதர். குளிர்! ஒரு கம்பளியும் பால் விடாத ஒரு பிளேன்டீயும் கொடுத்ததும் கோடு வாசலில் போட்ட கோலம் மாதிரி ஒழுங்காகிவிட்டது. எனக்கு அன்றைக்கு "நடுக்கம் மாஸ்டர்" என்று பெயர் வைத்தார்கள். நல்ல வேளை, ஈ.சி.ஜி. என்ற பெயர் வந்து அதை மூடிவிட்டது.

அதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன். என் அறையில் கம்பளி, வெந்நீர்ப் பை, சூடேற்றி எல்லாம் வந்தன. ஆளைப் படுக்க வைத்து, போர்த்தி, "அசையாதீங்க, பேசாதீங்க, மூச்ச மெதுவா விடுங்க" என்று தாலாட்டாத குறை. நான் எடுத்த தாளில் ஒரு பிசிறு இருக்காது. கண்டியிலிருந்து வந்த பெரிய வைத்தியர் ஒருவர் என் தாளைத் தூக்கிப் பிடித்து, "சுத்தம் என்றால் இது" என்று சிங்களத்தில் சொன்னார். அதன் பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், நான் தரையில் நடக்கவில்லை. நம் தொழிலுக்கே இந்த வியாதி உண்டு: ஆளை அசையாமல் வைத்து எடுத்தால்தான் அது உண்மை என்று நினைப்பது.

பூமணி அந்த வியாதிக்கு மருந்தாக வந்தார்.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாய் பெரிது. சில வருடங்களுக்கு முன் இதயத்தின் உள் தொடர்பு அறுந்து துடிப்பு மிகவும் குறைந்ததால், கண்டியில் இடது காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி நரம்பு வழியாக இதயத்துக்குள் போகும். பெட்டி தட்டினால்தான் இதயம் துடிக்கும். பூமணி அதை "என் பெட்டரி" என்பார்.

இப்படிப்பட்டவர்களின் தாளைப் படிப்பது தனிக் கலை. பெட்டி ஒவ்வொரு முறை தட்டும்போதும் ஒரு குத்துக்கோடு விழும். அதன் பின்னால் ஓர் அகலமான அலை வந்தால், இதயம் சொல்லைக் கேட்டிருக்கிறது. கோடு விழுந்து அலை வராவிட்டால், தட்டியும் கதவு திறக்கவில்லை. கோடும் இல்லை, அலையும் இல்லை என்றால்? அதைப் பற்றித்தான் இந்தக் கதை. இயந்திரத்தை நம்பாதீர்கள். குத்துக்கோட்டைக் கண்டதும் அது தாளின் தலையில், 'பேஸ்மேக்கர் துடிப்பு. மேற்கொண்டு ஆராயப்படவில்லை' என்று அச்சடித்துவிட்டுக் கை கழுவிக்கொள்ளும். அரசாங்க உத்தியோகத்துக்கு நம்மைவிட நன்றாகப் பழகிய இயந்திரம் அது.

பூமணி மலையில் கொழுந்து பறிக்கும்போது மயங்கி விழுந்திருந்தார். முதல் முறை செடிமேல் விழுந்ததால் கீறலோடு போனது. இரண்டாம் முறை சரிவில் உருண்டு, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடந்தார். தலையில் தையல் போட்டு வார்ட்டில் சேர்த்தார்கள். நான் ஈ.சி.ஜி. எடுத்தேன். கோடு, அலை, கோடு, அலை. அச்சடித்த சேலைக் கரை மாதிரி. மறுநாளும் எடுத்தேன், அதே அழகு. மூன்றாம் நாள், வீட்டுக்கு அனுப்பும் முன் ஒன்று எடுக்கச் சொன்னார்கள்.

அன்றைக்குத் தோட்டத்துக் கண்டாக்கு அவரை அழைத்துப் போக வந்து என் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். தேயிலை மலையில் வேலையை மேற்பார்வை செய்கிறவர். கெட்ட மனிதர் இல்லை. ஆள் பற்றாக்குறையில் தலை காய்ந்து போனவர்.

"ஐயா, ஒரு வார்த்த சொல்லுங்க. ஒண்ணுமில்லன்னா நாளைக்குக் காலைல பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வரட்டும். ஏலாதுன்னா ஏலாதுன்னு சொல்லட்டும், வேற ஆளப் போடுவோம். விழுறதும் எந்திரிக்கிறதுமா ரெண்டுங்கெட்டானா இருந்தா தொரைக்கு நான் என்னத்தச் சொல்றது? சில பேரு நடிப்புங்குறாங்க."

கட்டிலில் படுத்திருந்த பூமணி தலையைத் தூக்கினார்.

"நடிக்கிறவ ஏன் கண்டாக்கையா கானுக்குள்ள விழுறா? ஒங்க பங்களா மெத்தைல வந்து விழமாட்டாளா?"

"அம்மா, அசையாதீங்க" என்றேன் நான். வியாதி.

"ஒங்களுக்கு ஒண்ணு சொல்றேங்கய்யா" என்றார் பூமணி, என் பக்கம் திரும்பி. "இப்பிடியே கம்பளியப் போத்திக்கிட்டு படுத்துக்கிட்டே கொழுந்தெடுக்கச் சொல்லுங்க. சாகிற வரைக்கும் நான் விழமாட்டேன்."

கண்டாக்கு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தாளைக் கிழித்தேன். கிழித்த கை அப்படியே நின்றுவிட்டது. மூன்று நாட்களாக அந்தப் பெண்ணின் இதயத்தை நான் படுக்கையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அவர் படுக்கையில் ஒருநாளும் விழவில்லையே.

"மேடு ஏறும்போதா விழுறீங்க?" என்று கேட்டேன்.

"இல்ல. ஏறிப் போயி, செடி நெர புடிச்சி, பறிச்சிக்கிட்டு இருக்கும்போது."

வராந்தாவில் மேலும் கீழும் நடக்க வைத்துப் பார்த்தேன். படி ஏற வைத்தேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே ஏறினேன். அவருக்கு மூச்சு வாங்கவில்லை, எனக்கு வாங்கியது. "ஐயாவுக்கு ஒரு பெட்டரி போட்டா நல்லது" என்றார். துடிப்பு கடிகாரம் மாதிரி இருந்தது.

"சரி, மலையில நின்னா என்ன செய்வீங்களோ, அதச் செஞ்சு காட்டுங்க."

பூமணி கட்டிலின் ஓரத்தில் நின்றார். இரண்டு கைகளும் இல்லாத செடியின் மேல் பறந்தன. கை நிறைந்ததும், இல்லாத கூடைக்குள் கொழுந்தைத் தலைக்குப் பின்னால் வீசினார். மறுபடி பறித்தார். மறுபடி வீசினார், இந்த முறை இடது கையால், தோளுக்கு மேலாக, நன்றாகப் பின்னால் கொண்டுபோய். அந்தக் கை பின்னாலேயே ஒரு கணம் நின்றது. பேசிக்கொண்டிருந்த வாய் பாதியில் நின்றது. கண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, ஆனால் உள்ளே ஆள் இல்லை. நான் பிடிப்பதற்குள் கை கீழே விழுந்தது. கண்ணுக்குள் ஆள் திரும்பி வந்தார்.

"என்னமோ ஒரு மாதிரி கிறுகிறுன்னுச்சு" என்றார்.

வீட்டில் அயன்பெட்டியின் வயர் உள்ளே ஒடிந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் வளைத்தால் எரியும், மறுபக்கம் வளைத்தால் அணையும். அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. வருடக்கணக்காக, நாள் முழுக்க, கையைப் பின்னால் வீசும் வேலை. காறை எலும்புக்கும் விலா எலும்புக்கும் இடையில் நசுங்கும் ஒரு மெல்லிய கம்பி.

ஆனால் நான் பார்த்தேன் என்பது சாட்சி ஆகாது. நடுக்கம் மாஸ்டர் பார்த்தார் என்றால் அதற்கு என்ன மதிப்பு? தாளில் விழ வேண்டும்.

வார்ட்டின் பொறுப்பில் இருந்தவர் காலி நகரத்திலிருந்து வந்த ஓர் இளம் பெண் வைத்தியர். தமிழ் அரைகுறை, தைரியம் முழுசு. நாங்கள் சிங்களத்தில் பேசிக்கொள்வோம். என்னை "அங்கிள்" என்பார். ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார். எனக்குக் கேட்டது ஒரு பக்கம்தான். "ஆமாம் சேர்... தாள் சரிதான் சேர்... கண்டியில் கடைசியாகப் பெட்டியைப் பரிசோதித்ததும் சரிதான் சேர்..." வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த மாதம் கிளினிக்குக்கு வரச் சொல்கிறார். எல்லாத் தாளும் சரியாக இருக்கிறதாம்."

"அந்தத் தாள்களை எடுத்த முட்டாள் நான்தான் மிஸ். அந்த முட்டாளே சொல்கிறேன், அவற்றை நம்பாதீர்கள்."

"நிற்க வைத்துக் கையை வீசச் சொல்லி எடுக்கும்போது துடிப்பு நின்றுபோய்த் திரும்பி வராவிட்டால்? என்ன செய்வோம் அங்கிள்?"

அவர் கேட்டது சரியான கேள்வி. நீங்களும் அதைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள். என்னிடம் இருந்த பதிலைச் சொன்னேன்.

"இங்கே விழுந்தால் மெத்தை இருக்கிறது, நீங்கள் இருக்கிறீர்கள். நாளைக்கு அங்கே விழுந்தால் பாறையும் கானும்தான் இருக்கும்."

வைத்தியர் பூமணியின் தாள்களை இன்னொரு முறை புரட்டினார். பிறகு எழுந்தார். "அனுப்பச் சொன்னார். அனுப்பும் முன் ஈ.சி.ஜி. எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லையே" என்றார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது அந்த இடத்தில்தான். இந்த மாதிரி ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடிக்க நான் பல வருடம் உழைத்திருக்கிறேன்.

பூமணியிடம் எதையும் மறைக்கவில்லை. நான் தமிழில் சொன்னேன்: கையைப் பின்னால் கொண்டுபோனால் மயக்கம் வரலாம், துடிப்பு நிற்கலாம், பக்கத்தில் எல்லோரும் இருப்போம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

"மலையில விழுறப்போ யாரும் என்னயக் கேக்கலயே" என்றார். "எடுங்கய்யா. நடிக்கிறேன்னு சொன்னவரயும் உள்ள கூப்புடுங்க, பாக்கட்டும்."

கண்டாக்கை வாசலில் நிற்க வைத்தோம். அதிர்ச்சி கொடுக்கும் இயந்திரத்தின் ஒட்டுகளை முதலிலேயே நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டினார் வைத்தியர். வெளியிலிருந்தே இதயத்தைத் தட்ட அதனால் முடியும். கட்டிலைப் பூமணிக்குப் பின்னால் இழுத்துப் போட்டோம். தாதி மிஸ்ஸி ஒருவர் பின்னால் நின்றார். கைகளில் மாட்டும் கிளிப்புகளை நான் கழற்றி, அவற்றை உடம்பில், கை அசைவு குறைவாகத் தெரியும் இடத்தில் ஒட்டினேன். வைத்தியர் பூமணியின் வலது மணிக்கட்டில் விரலை வைத்தார். ஏனென்றால் கை ஆடும்போது தாள் பொய் சொல்லும்; விரல் சொல்லாது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றைச் சொன்னால் மட்டும் நம்புவது என்று பேசிக்கொண்டோம்.

"இப்ப எறிங்க."

ஓடிய தாள் என் பழைய லொறிச் சாரதியின் தாளைவிடக் கேவலமாக இருந்தது. ஒரே பிசிறு. என் வாழ்நாள் பெருமையெல்லாம் அங்கே கிழிந்து தொங்கியது. ஆனால் பிசிறுக்கு நடுவில் குத்துக்கோடு எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு வீச்சு. ஒன்றுமில்லை. இன்னொன்று. ஒன்றுமில்லை. வாசலில் கண்டாக்கு தொண்டையைச் செருமினார்.

"இன்னும் கொஞ்சம் பின்னால, எப்பவும் மாதிரி" என்றேன்.

பூமணி இடது கையைத் தோளுக்கு மேலாகப் பின்னுக்குக் கொண்டுபோனார்.

"பல்ஸ் இல்லை!" என்றார் வைத்தியர்.

பூமணி மிஸ்ஸியின் கைகளில் சாய்ந்து கட்டிலில் மல்லாந்தார். இடது கை தலைக்கு மேலே, பின்னால் தொங்கியபடியே கிடந்தது. உடம்பு தளர்ந்துவிட்டது. அதனால் தாளில் பிசிறு நின்றுவிட்டது. கோடு இல்லை, அலை இல்லை. நேர்கோடு ஒன்று மட்டும் சத்தமில்லாமல் ஓடியது. என் உத்தியோக வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமான ஒன்றை நான் எடுத்ததே இல்லை.

வைத்தியர் கத்தினார், தமிழிலேயே.

"கை! கை கீழ போடு!"

இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். கையை இழுத்து உடம்போடு வைத்தோம். ஒரு குத்துக்கோடு. அதன் பின்னால் அகலமான அலை. இன்னொரு கோடு, இன்னொரு அலை. வைத்தியர் மறு கையால் அதிர்ச்சி இயந்திரத்தின் பொத்தானைத் தொட்டிருந்தார், அழுத்தத் தேவைப்படவில்லை.

பூமணி கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"கண்டாக்கையா, இது எப்பிடி? நல்லா நடிச்சேனா?"

கண்டாக்கு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மலைக்கு இனி அனுப்பமாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

வைத்தியர் பூமணியின் கையை நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டினார். நேராகக் கண்டிக்குத் தொலைபேசி எடுத்தார். அம்புலன்ஸ் கண்டிப் பாதையில் கினிகத்தேனையைத் தாண்டும் வரை, "கட்டை அவிழ்க்க விடாதீர்கள்" என்று கூடப்போன மிஸ்ஸியைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். கண்டியில் கையைத் தூக்கிப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தார்களாம். கம்பி உறைக்குள்ளேயே ஒடிந்திருந்தது. கையைத் தொங்கவிட்டால் இரு முனைகளும் ஒட்டிக்கொள்ளும். பின்னால் கொண்டுபோனால் பிரியும். மறு பக்கத்தில் புதிய கம்பி போட்டார்கள்.

எங்களுக்குப் பாராட்டு விழா நடந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நடந்தது விசாரணை. ஈ.சி.ஜி. அறையில் நோயாளியைக் கொழுந்து பறிக்க வைத்தது யார் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். "நான்" என்றார் வைத்தியர். "நான்" என்றேன் நான். இரண்டு பேரும் குற்றத்துக்குச் சண்டை போட்டதில் கேட்டவர் குழம்பிப் போனார். கடைசியில் என்னை மட்டும் பார்த்து, "இனியும் இப்படிச் செய்வாயா?" என்றார்.

"இப்படி விழுகிறவர் வந்தால் செய்வேன் சேர்."

இதை நான் வீரத்தில் சொல்லவில்லை. பயந்துகொண்டேதான் சொன்னேன். பயத்தோடும் சொல்லலாம் என்பதற்காகத்தான் உங்களிடம் சொல்கிறேன். இன்ன நோய் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை; ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'இந்தத் தாள் போதாது, இன்னொன்று எடுக்கிறேன்' என்று சொல்வதை யாரும் நம்மிடமிருந்து பிடுங்க முடியாது. ஆள் எதைச் செய்யும்போது விழுகிறாரோ, அதைச் செய்ய வைத்து எடுங்கள். துணி துவைப்பவர் துவைக்கட்டும். மரம் பிளப்பவர் கோடரி ஓங்கட்டும். தாள் அசிங்கமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

மாதங்கள் கழித்துப் பூமணி கிளினிக்குக்கு வந்தார். இனி கையை வீசும் வேலை கூடாது என்று கண்டியில் சொல்லியிருந்தார்கள். கண்டாக்கு தொரையிடம் பேசி, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார்.

"எப்பிடியிருக்கு வேல?" என்றேன்.

"புள்ளைகளத் தூக்குனா போதும், பின்னால எறிய வேண்டியதில்ல" என்றார். பிறகு, முதுகுப் பக்கம் மறைத்து வைத்திருந்ததை எடுத்து என் மேசைமேல் வைத்தார். அவருடைய கொழுந்துக் கூடை. நெற்றிக் கயிறு தேய்ந்து மெழுகு மாதிரி வழுவழுப்பாக இருந்தது.

"எனக்கு இனி வேண்டாங்கய்யா. வீட்டுல கெடந்தா மனசு கேக்காது. நீங்க வச்சுக்கங்க. அடுத்து வர்ற பொம்பளய வெறுங்காத்துல எறியச் சொல்லாதீங்க. கூடை இருந்தாத்தான் கை சரியான எடத்துக்குப் போகும்."

அது இப்போதும் அந்த அறையில், சூடேற்றிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. ஆஸ்பத்திரிச் சாமான் எதிலும் அது சேராது. மேற்பார்வைக்கு வருகிறவர்கள் இது என்ன குப்பைக் கூடையா, கழற்று என்பார்கள். நான் இருந்தவரை கழற்றவில்லை. உங்களில் அங்கே வேலைக்குப் போகிறவர்களும் கழற்றாதீர்கள். பஞ்சையும் பழைய தாளையும் அதில் போடாதீர்கள். மலையில் விழுந்தேன் என்று ஒருத்தி வந்தால், தாள் சரியாக இருந்தாலும் அந்தக் கூடையை எடுத்து அவள் தலையில் மாட்டுங்கள். வைத்தியரைக் கூப்பிடுங்கள். பின்னால் இரண்டு பேரை நிற்க வையுங்கள். பிறகு எறியச் சொல்லுங்கள்.